சைபருக்குக் கீழே கோத்தகிரி

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை

கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மகள் மாஹிராவுக்கு அம்மா வகிதா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் போனேன். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான், ஆகவே நான் நலம். அத்தா மறைந்தபின் நான் வீட்டோடு துக்கம் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தாவும் முடிந்துவிட்டது. "இங்கியே வந்துடும்மா" என்று நீ போனில் கேட்டபோது, குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். அது பொய். ஐந்தாவதோடு நின்றவள், பொய்யை வாயால் சொல்ல வருகிறது, எழுதக் கை வரவில்லை.

உனக்கு வேலை கிடைத்த மே மாதம், அத்தா உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மலைக் குளிரைக் கண்டுபிடிக்கக் கிளம்பினாரே, அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நம் கடையில் கிடந்த தெர்மாமீட்டரில் ஒன்றை என் கையில் கொடுத்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உச்சி வெயிலில் நிற்கவைத்துவிட்டு, இன்னொன்றை லுங்கியில் செருகிக்கொண்டு அறுபதடி ஏணியில் ஏறிவிட்டார். தண்ணீர் விடும் வரதன் ஓடிவந்தான்.

"யோவ் பாய், இன்னாத்துக்கு மேல ஏறிக்கினு கீற? எறங்குய்யா!"

"சும்மா இருடா, கால்குலஸ் பண்ணிக்கினு கீறேன்!"

"அத வூட்ல போய்ப் பண்ணு, இது குடிக்கிற தண்ணி!"

கீழே நாற்பத்தொன்று, மேலே முப்பத்தொன்பது. அறுபதடிக்கு இரண்டு டிகிரி குறைந்தால் ஆறாயிரம் அடிக்கு இருநூறு குறையும், ஆகக் கோத்தகிரி சைபருக்குக் கீழே நூற்றைம்பத்தொன்பது என்று கணக்கெழுதி, மூன்று ஸ்வெட்டர் வாங்கி, உன்னைப் பஸ் ஏற்றும்போது அழுதார்.

மறுநாளே கணக்கு வாத்தியார் தானியேல் கடைக்கு வந்து சிரித்தார். "பாய், வெயில்ல தரைகிட்ட சர்ருனு கொறையும், அதே மாதிரி மலை வரைக்கும் கொறையாது. எந்த ஒசரத்துல எவ்ளோ கொறையுதுன்னு துளித் துளியா பாத்துக் கூட்டணும், அதான் கால்குலஸ். ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரிதான்."

அன்றைக்கு அத்தா சோறு தொடவில்லை. "மாஹிராகிட்ட சொல்லிடாத வகிதா. குளிருக்குப் பயந்தாவது வூட்டுக்கு வந்துடுவா" என்றார். அங்கேயே இருக்கிறவளுக்குக் குளிர் தெரியாதா என்று கேட்டேன். நீயும் போனுக்குப் போன், "ஆமாத்தா, ரொம்பக் குளிருதுத்தா" என்பாய். போனை வைத்ததும் சிரிப்பார். "நம்ம பொண்ணுக்குப் பொய் சொல்லவே வரல பாரு."

இப்போதும் மத்தியானத்தில் தொட்டிப் பக்கம் போனால் அண்ணாந்து பார்த்துவிடுகிறேன். எத்தனை டிகிரி என்று மேலே இருந்து கேட்க ஆளில்லை. ஆனாலும் இந்த ஊரை விட்டு நான் வருவதாக இல்லை, வற்புறுத்தாதே. வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா
வகிதா

பி.கு.: தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் வந்து நில் என்று உனக்குப் போனில் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை நானே கையில் தருகிறேன்.