தாரா என்ற பெயருக்கு ஆட்சேபனை உண்டா?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே யாவரும் நலம். நலம் என்று எழுதிவிட்டுச் சற்று யோசித்தேன். காய்ச்சல், சளி, எலும்பு முறிவு எதுவும் யாருக்கும் இல்லை என்ற அளவில் நலம்தான். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மா சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார்களா? பதில் எழுதும்போது இதையெல்லாம் விரிவாக எழுதவும். இந்த வீட்டில் இப்போது என்னோடு யாரும் விரிவாகப் பேசுவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. நான் ஹாலில் தும்மினால் படுக்கையறையிலிருந்து என் மகள் "வெந்நீர் வேணுமாப்பா?" என்று கேட்பாள், அதாவது போன வாரம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். தவிரவும் போனில் நான் எது சொன்னாலும் தாங்கள் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். இது ஆமாம் போட்டு முடிகிற விஷயமில்லை என்பதால் கடிதம்.

விஷயம் பேத்தியின் பெயர். பிறந்து அரை வருடம் ஆகப்போகிறது, கவிழ்ந்து உருளக் கற்றுக்கொண்டுவிட்டாள், இன்னும் பதிவு அலுவலகத்தில் பெயர் சேர்க்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. தங்கள் மகனும் என் மகளும் தாரா என்று வைக்கலாம் என்றார்கள். நட்சத்திரம் என்று அர்த்தமாம், இரண்டே எழுத்து, எந்த ஊர்க்காரர் வாயிலும் நுழையும். நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "விசாரிச்சுட்டு வெச்சுக்கலாமே" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குத்தான் இவ்வளவும்.

நான் ஏற்றுமதிக் கிடங்கில் சரக்குப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. கல்யாணப் பேச்சு நடந்த முதல் நாளே நான் அதைத்தான் வெகு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன், தாங்களும் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்டீர்கள். அன்று சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. எங்கள் கிடங்கில் எந்தப் பெட்டியும் வாசலைத் தாண்டும் முன் ஒரு சீட்டு எல்லாப் பிரிவுக்கும் போய்வர வேண்டும். சீட்டின் தலையில் "ஆட்சேபனை உண்டா?" என்று அச்சடித்திருக்கும். கீழே வெறுமையாகத் திரும்பி வந்தால் சரக்கு போகும். யாராவது எதையாவது எழுதியிருந்தால், அது "இன்று வெயில் அதிகம்" என்றிருந்தாலும் சரி, சரக்கு நிற்கும். ஏன் எழுதினாய், எதற்கு எழுதினாய் என்று நாங்கள் கேட்கவே மாட்டோம். ஒரு பெட்டி பிஸ்கட்டுக்கே இத்தனை கவனம் என்றால், ஒரு பெண் ஆயுசு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரியவேண்டிய பெயரை அப்படியே வெளியே விடலாமா? தாங்களே சொல்லுங்கள்.

ஆகவே ஒரு தாளில் "தாரா என்ற பெயருக்கு ஆட்சேபனை உண்டா?" என்று கொட்டை எழுத்தில் எழுதி, எங்கள் வீட்டு எண்ணையும் போட்டு, லிஃப்டில் குப்பை போடும் நேரம் பற்றிய அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எங்கள் குடியிருப்பில் பல தேசத்து ஜனங்கள் இருக்கிறார்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், வெறுமையாகத் திரும்பி வரும், பெயரை வைத்துவிடலாம் என்றுதான் நம்பினேன். குப்பை அறிவிப்பை இத்தனை வருடமாக ஒருத்தர் படித்ததில்லை. இதை எல்லோரும் படித்தார்கள்.

முதலில் வந்தவர் தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவர், துருக்கிக்காரர். அவர்கள் மொழியில் தாரா என்றால் "தலையைச் சீவு" என்று அர்த்தமாம். சொல்லிவிட்டுக் குழந்தைக்கு ஒரு சீப்பு வேறு கொடுத்தார், தலையில் அதற்கு வேலை இல்லை என்பது வேறு விஷயம். போகிற போக்கில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மனிதர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், போய்விட்டார். அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதன் தன் பெயரைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பது எவ்வளவு கொடுமை என்று தாங்கள் அனுபவித்தால்தான் தெரியும். அர்த்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்றே முடிவெட்டிக்கொள்ளப் போனேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் போனேன். "இனி வெட்ட ஒண்ணும் இல்ல சார்" என்று கழுத்தில் பவுடர் மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்.

பிறகு ஓட்டல் நடத்துகிற ஜப்பானியச் சமையல்காரர் வந்தார். அவர்கள் ஊரில் தாரா ஒரு மீன். வெகு மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனில் படம் காட்டினார். மின்கட்டண ரசீதை இப்போதுதான் பார்த்தது மாதிரி வாயைப் பிளந்துகொண்டு ஒரு மீன். நேரம் பார்த்துக் குழந்தையும் அன்றைக்கு வாயைத் திறந்தே வைத்திருந்தாள். மேல் மாடியில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தர் குடியிருக்கிறார். அவர்களுக்குத் தாரா என்றால் "வா, போகலாம்". இது வெறும் பேச்சில்லை. என் மகள் நடைவழியில் நின்று குழந்தையைக் கூப்பிட்டபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். லாரி ஓட்டும் ரஷ்யக்காரர், மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே, காலிப் பெட்டி, டப்பா, பாட்டில் எல்லாவற்றுக்கும் அவர்கள் பக்கம் அதுதான் பொதுப்பெயர் என்று சொல்லிப்போனார். சம்பந்தி, நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் எடைமேடையில் கழித்துக் கொடுத்தது அந்தக் காலிப் பெட்டியின் எடையைத்தான். கழித்த பெட்டியெல்லாம் சேர்ந்து பேத்தியாக வந்து மடியில் உட்கார்ந்துவிட்டதோ என்று எனக்கு மனசே சரியில்லை.

இதற்கு நடுவில் என் மனைவி, "சில ஊர்ப்பக்கம் வாத்தைத் தாரான்னு சொல்வாங்களே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், இருந்தாலும் நான் குறித்துக்கொண்டேன். கடைசியில் எதிர்வீட்டுத் தையற்காரம்மா வந்தார், ஸ்பானிய மொழிக்காரர். சொல்லவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, அவர்கள் தொழிலில் குறை விழுந்த துணிக்கு அப்படித்தான் சொல்வது என்றார். குறை! ஒரு பரிசோதகன் வீட்டுப் பெண்ணுக்குக் குறை என்று பெயர். பிறகு நான் யாரையும் விசாரிக்கவில்லை, லிஃப்டில் ஏறுவதையும் விட்டுவிட்டுப் படியில்தான் போய்வருகிறேன்.

எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். தங்கள் மகனைப் பற்றிச் சொல்வதற்கில்லை, தங்கமான பிள்ளை. பல் மருத்துவருக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற வேலை என்பதாலோ என்னவோ, வாயைத் திறப்பதற்குள் பல முறை யோசிப்பார். "சரி மாமா" என்றார். "அப்போ வேற பேர் பார்க்கலாமா?" என்றேன். அதற்கும் "சரி மாமா" என்றார். வேறு பெயர்களையும் நானே தயார் செய்து மாடி மாடியாக விசாரித்தேன். ஒன்றுக்கு நர்ஸ் வீட்டில் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஒன்றைக் கேட்டு லாரிக்காரர் துக்கம் விசாரித்தார், ஒன்று முடிதிருத்துபவருக்குக் கடன் கொடுக்காத சித்தப்பாவின் பெயராகப் போய்விட்டது. உலகத்தில் யாரோ ஒருத்தருக்கு எதுவோ ஒன்றாக இல்லாத ஒரு சொல்கூட மிச்சமில்லை போலிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால், தங்கள் மகனும் என் மகளும் அறைக்குள் குழந்தையைத் தாரா, தாரா என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. என் மனைவிகூட சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுகிறாள். நான் ஒருத்தன்தான் பாப்பா என்கிறேன்.

போன வாரம் என் மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன், அலுத்துப்போய் வந்தாள்.

"அப்பா, அவங்கள்ல யாராவது இந்தப் பேரை வைக்காதீங்கன்னு சொன்னாங்களா?"

"நேரா சொல்லலை. ஆனா ஆளாளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்களே."

"அவங்க எழுதலை. நீங்க எழுதினீங்க. அவங்க வீட்டுல அந்தச் சொல்லு என்னன்னு ஆசையா வந்து சொல்லிட்டுப் போனாங்க. சீப்புக் கொடுத்தாங்க. அந்த டெய்லரம்மா சட்டை தெச்சுக் கொடுத்தாங்க."

அது உண்மைதான், சட்டையில் ஒரு குறையும் இல்லை, நான் பார்த்தேன். ஆனாலும் பாப்பா என்று கூப்பிட்டால் என்ன குறைந்துபோகிறது என்று கேட்டேன். எதிர்வீட்டுக் குழந்தையும் பாப்பாதான், லிஃப்டில் வருகிற எல்லாக் குழந்தையும் பாப்பாதான் என்றாள். பிறகு சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை பேரைப் பதிஞ்சிடுவோம். அதுக்குள்ள நீங்க ஒரு தடவை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடலைன்னா, நாங்க வேற வீடு பார்த்துக்கறோம். பேர் சொல்லிக் கூப்பிடறவங்க இருக்கற இடத்துல அவ வளரட்டும்ப்பா."

வீடு பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாற வேண்டும். குழந்தை காலையில் விழித்ததும் முதலில் பிடித்து இழுப்பது என் மூக்குக் கண்ணாடியைத்தான். அது இல்லாமல் எனக்கு விடியாது. பயமாக இருக்கிறது சம்பந்தி, வெளியே சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன என்று நானே கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தேன். தா என்று ஆரம்பித்ததும் மீன் வருகிறது, சீப்பு வருகிறது, காலி டப்பா உருண்டு வருகிறது. வாய் மூடிக்கொள்கிறது. அசந்துபோய்விட்டேன்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது இதுதான். தாங்கள் தங்கள் மகனைக் கூப்பிட்டு, தங்கள் சொந்த யோசனை போலவே, வேறு பெயர் வைக்கச் சொல்ல வேண்டும். எந்த மொழியிலும் எந்த அர்த்தமும் இல்லாத, யார் காதிலும் எதையும் கிளப்பாத பெயராக இருந்தால் உத்தமம். தகப்பன் சொன்னால் அவர் கட்டாயம் "சரிப்பா" என்பார், பிறகு என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது. நான் எழுதியதாகத் தெரியவேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் ஆகவேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் முழங்காலுக்கு விரைவில் குணம் கிடைக்கட்டும். சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகள், பெயரோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் குளிக்கப் போயிருந்தாள், மனைவி சமையலறையில் குழாயடியில், மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். குழந்தையைக் கட்டிலில் சுற்றித் தலையணை வைத்துப் படுக்கவைத்திருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், ஒரு தலையணையைத் தாண்டிவிட்டாள், கட்டில் விளிம்பை நோக்கி உருண்டுகொண்டிருக்கிறாள். நானோ அறையின் இந்தக் கோடியில் நாற்காலிக்கும் மேஜைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். "பாப்பா!" என்று கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி கத்தினேன், அது யாரையோ கூப்பிடுகிறது என்பது போல இன்னும் அரைப் புரட்டு புரண்டாள். அடுத்து என் வாயிலிருந்து வந்தது "தாரா". நான் யோசித்துச் சொன்னதில்லை.

நின்றுவிட்டாள். ஒரு கை விளிம்புக்கு வெளியே தொங்க, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதில் ஆச்சரியமே இல்லை, கூப்பிட்டீர்களா என்பது மாதிரி சாதாரணமான பார்வை. எத்தனையோ நாளாக அது அவள் பெயர். நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. மகள் ஈரத் தலையில் துண்டோடு வாசலில் நின்றாள். "இன்னொரு தடவை கூப்பிடுங்கப்பா" என்றாள். கூப்பிட்டேன். மீன் வரவில்லை, சீப்பு வரவில்லை, இவள்தான் திரும்பிப் பார்த்தாள். பரிசோதகன் புத்தி போகுமா, முதல் முறை தற்செயலாக இருக்கலாம் என்று அவளை இறக்கிவிட்டுத் தள்ளி நின்று பல தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் திரும்புகிறாள்.

ஆகவே மேலே எழுதியதைப் படித்தும் படிக்காததாக விட்டுவிடவும். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பதிவு அலுவலகத்துக்கு நானே போகிறேன். இத்தனை தாளை எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வராததால் மட்டுமே அனுப்புகிறேன். தங்கள் பக்கத்தில் தாராவுக்கு இன்னும் ஏதாவது அர்த்தம் தெரிந்தால் தாராளமாக எழுதவும், ஆட்சேபனையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முடிதிருத்துபவர் மட்டும் என் பெயருக்கு அர்த்தம் இன்னும் சொல்லவில்லை. அதனால் ஒன்றும் இல்லை. அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நானும் திரும்பித்தான் பார்க்கிறேன்.