குங்குமம் வச்ச பொட்டி

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு பை எடுத்து வைக்கணும். அம்புட்டுத்தான் வேலை.

செக்கப்புக்குப் போனப்ப நர்சக்கா சொல்லிவிட்டாக. "நாள் நெருங்கிருச்சு. பிள்ளைக்குத் துணி, உனக்கு நைட்டி, பிளாஸ்க்கு, தட்டு, டம்ளர் எல்லாம் ரெடியா வச்சுக்க. வலி வந்த பிறகு தேடிக்கிட்டு நிக்கக் கூடாது."

நானும் பெருமையாத் தலைய ஆட்டிட்டு வந்தேன். ஏன்னா என் பொழப்பே பேக்கிங்தான். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில கிஃப்ட் பாக்ஸ் செக்சன். பொட்டிய ஆட்டிப் பாத்தா உள்ள சத்தம் வரக் கூடாது, அதான் அங்க சட்டம். "இவ கட்டுற பொட்டி சத்தமே போடாது, இவ வாய்தான் போடும்"னு சூப்பர்வைசரே சொல்லுவாரு.

மொதப் பிள்ளைக்கு ஆனைக்குட்டத்துல எங்க அம்மா பாத்துக்கிட்டாக. நான் வயித்த மட்டும் தூக்கிட்டுப் போனேன். இது ரெண்டாவது. மாமியார் வீட்டுல.

இங்கதான் சிக்கல். பிள்ளை பொறக்குறதுக்கு முந்தி அதுக்குன்னு ஒரு நூலக்கூட எடுத்து வைக்கக் கூடாது. எங்க அத்தையோட கொள்கை அது.

"அத்தே, ஒரே ஒரு பை மட்டும் கட்டி வச்சிரட்டுமா?"ன்னு மெதுவாக் கேட்டுப் பாத்தேன்.

அத்தை பேசுறதுக்கு முந்தி மூக்குத்தியத் தொட்டுப் பாப்பாக. பிறகு குரல அந்த மூக்கு வழியாவே விடுவாக. "பொறக்காத பிள்ளைக்குப் பொட்டி கட்டுறவள நான் இப்பத்தாம்மா பாக்கேன். கண்ணு படும். உள்ள இருக்குறதுக்குக் காதுல விழுந்துச்சுன்னா, நம்மளத்தான் கூப்பிடுறாகன்னு முந்திக் கெளம்பிரும்."

உள்ள இருக்குறது இத்தன மாசமா இவுக பேச்சத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கு. அதுக்கே கெளம்பல.

சரி, பைன்னு ஒன்னு கண்ணுல பட்டாத்தான வம்பு? எங்க வீட்டு முன்ரூம்ல தீவாளி கிஃப்ட் பாக்ஸ் அடுக்கி வச்சிருக்கும். சீசனுக்கு சொந்தக்காரவுக, தெரிஞ்சவுக கேப்பாகன்னு எங்க வீட்டுக்காரரு ஆர்டர் எடுத்து வாங்கிப் போட்டிருந்தாரு. அதே மாதிரி ஒரு காலிப் பொட்டிய எடுத்து, அத்தை கடைக்குப் போன நேரம் பாத்துக் கட்டிட்டேன். அடியில பிளாஸ்க்கு, ஓரத்துல தட்டு, சந்துபொந்தெல்லாம் மூத்தவளோட பழைய துணி, பிள்ளைப் பவுடர், மேல நைட்டி. டேப் ஒட்டி ஆட்டிப் பாத்தேன். பொட்டி மூச்சு விடல.

அடையாளத்துக்கு மூலையில ஒரு குங்குமப் பொட்டு. கொண்டுபோய் மத்த பொட்டியோட வச்சிட்டு எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் சொன்னேன். "வலி வந்தா குங்குமம் வச்ச பொட்டியத் தூக்குங்க. வேற ஒன்னும் யோசிக்க வேண்டாம்."

யோசிக்க வேண்டாம்னா எங்க வீட்டுக்காரரு கரெக்டாச் செய்வாரு.

ஆயுத பூசை வந்துச்சு. காலெல்லாம் வீங்கி நான் உள்ரூம்ல படுத்துட்டேன். மணிச் சத்தம் கேட்டுச்சு, சாம்பிராணி வாசம் வந்துச்சு, பொரியும் கடலையும் படுக்கைக்கே வந்துச்சு. தின்னுட்டுத் தூங்கிட்டேன்.

மறுநாள் காலையில வலி பிடிச்சிருச்சு. "என்னங்க, பொட்டி"ன்னேன்.

போன மனுசன் வெறுங்கையோட வந்து நிக்காரு. குசுகுசுன்னு, "ஏ புள்ள, எந்தப் பொட்டி?"

"குங்குமம் வச்சது."

"எல்லாத்துலயும் இருக்கு."

"என்னது?"

"எங்க அம்மா நேத்து பூசைக்கு எல்லாப் பொட்டிக்கும் வச்சுவிட்டிருக்கு. மிக்சி, மோட்டாரு, சுவிட்ச் போர்டு, ஒன்ன விடல."

நான் படுத்திருந்ததால தப்பிச்சேன். இல்லாட்டி எனக்கும் நெத்தியில ஒரு பொட்டு, வயித்துல ஒரு பொட்டு விழுந்திருக்கும்.

"ஆட்டிப் பாருங்க. சத்தம் வராதது நம்ம பொட்டி."

ஆட்டிட்டு வந்தாரு. "ஒன்னுலயும் சத்தம் வரல."

எப்பிடி வரும்? அம்புட்டும் எங்க செக்சன் பொட்டி. அந்த வலியிலயும் எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

"சரி, தூக்கிப் பாருங்க."

"எல்லாம் ஒரே கனம்."

அதுக்குள்ள வாசல்ல இருந்து அத்தை. "ஏலே, இவ இங்கன துடிக்கா, நீ அங்கன பொட்டியத் தாலாட்டிக்கிட்டு இருக்க. ஆட்டோ வந்துருச்சுலே."

இவரு அவசரத்துல குனிஞ்சு ஒரு பொட்டிய மோந்து பாத்தாரு. "பவுடர் வாசம் வருது"ன்னு அதத் தூக்கிட்டாரு. பட்டாசு மருந்துக்கும் பிள்ளைப் பவுடருக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு அது. அத நம்பி நான் ஆட்டோவுல ஏறுனேன்.

ஆட்டோவுல அத்தை பொட்டிய மொறச்சாக. "இது எதுக்குலே?"

எங்க ரகசியத்தக் காப்பாத்தணும்ல. இவரு பட்டுன்னு ஒன்னச் சொன்னாரு. "பிள்ளை பொறந்ததும் வெடிக்கிறதுக்கும்மா."

அத்தைக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "அப்பிடிச் சொல்லு. இதுல்ல முன்யோசனை."

பிள்ளைக்குத் துணி எடுத்து வச்சாக் கண்ணு படும். வெடி எடுத்து வச்சாப் படாது. எங்க ஊருக் கண்ணு அப்பிடி.

பக்கத்துல எங்க மாமா, அதான் எங்க வீட்டுக்காரரோட அப்பா, "ம்"ன்னாரு. அவருக்கு அந்த ஒரு எழுத்துதான். மிச்சத்த எல்லாம் அத்தை வாங்கிக்கிட்டாக.

ஆஸ்பத்திரி கேட்டுல வாட்ச்மேன் மறிச்சாரு. "பட்டாசா?"

"துணிண்ணே. அட்டைதான் பட்டாசு."

"எங்க வீட்டுல அரிசியே இதுலதான் கெடக்கு. போங்க"ன்னு விட்டுட்டாரு.

என்னைய உள்ள கொண்டு போயிட்டாக. அதுல நகைச்சுவை ஒன்னும் இல்ல, தாண்டிருவோம்.

பொண்ணு பொறந்தா. கத்துன கத்துல என் வாய்தான்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு.

நர்சம்மா கதவத் தொறந்து, "ஆஸ்பத்திரித் துணியச் சுத்தி வச்சிருக்கேன். உங்க துணியக் குடுங்க, சீக்கிரம், பிள்ளைக்குக் குளுரும்"னாக.

படுத்தபடியே காதத் தீட்டிக்கிட்டேன். வெளிய டேப் கிழியிற சத்தம்.

பிறகு நர்சம்மா குரல் நிதானமா வந்துச்சு. "இதுல எதச் சுத்தச் சொல்றீங்க? சரவெடியவா?"

போச்சு. இவரு அங்கனயே எல்லாத்தையும் கொட்டிட்டாரு. "எம்மா, அவதான் ஒளிச்சுக் கட்டி வச்சா, குங்குமம் வச்சா, நீயும் வச்சுட்ட." கட்டுன பொண்டாட்டியக் காட்டிக் குடுக்குறதுல மட்டும் ஒரு குழப்பமும் இல்ல மனுசனுக்கு.

இன்னைக்குத் தொலைஞ்சோம்னு கண்ண மூடிக்கிட்டேன். ஆனா அத்தை என்னையத் திட்டல. நேரா மாமா பக்கம் திரும்பிருக்காக.

"வேட்டிய அவுருங்க."

மாமா வாயில இருந்து அன்னைக்குத்தான் ஒரு முழு வார்த்தை வந்துச்சு. "இங்கனயேவா?"

"பிறகு வீட்டுக்குப் போயி அவுத்துக் கூரியர்லயா அனுப்பப் போறீக?"

நர்சம்மா விடல. "துவைச்சதாம்மா?"

"கொடியில இருந்து இப்பத்தான் எடுத்துக் கட்டுனாக. பெரியாளு வேட்டிதாம்மா பிள்ளைக்கு மொதத்துணி. துவைச்சுத் துவைச்சுப் பஞ்சாக் கெடக்கு, தொட்டுப் பாருங்க."

வேட்டி உள்ள வந்துருச்சு. எம் பொண்ணு அதுக்குள்ள சுருண்டு அழுகைய நிப்பாட்டிட்டா.

வெளிய மாமா பட்டாபட்டி டவுசரோட நிக்காரு. மானத்துக்குப் பட்டாசுப் பொட்டிய முன்னாடி பிடிச்சுக்கிட்டாரு. அந்த நேரம் பாத்து வாட்ச்மேன் வந்துட்டாரு.

"பெரியவரே, வெடிய வச்சுக்கிட்டு இங்க நிக்கக் கூடாது. பொட்டியக் குடுங்க."

"குடுக்க முடியாதுப்பா."

"ஏன்?"

மாமா பொட்டிய லேசா விலக்கிக் காட்டிருக்காரு.

வாட்ச்மேன் பொட்டியப் பழையபடி நேரா நகத்தி வச்சுட்டு, "சரி, பொட்டியோட நீங்களும் வாங்க"ன்னு வாசல் கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாரு. வரண்டாவே வழிவிட்டு நின்னுச்சாம், சாமி ஊர்வலம் மாதிரி.

சாயந்தரம் விருதுநகர்ல இருந்து மளிகைக்கடை அண்ணாச்சி எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டாரு. பூசை அன்னைக்கே நல்ல நாளுன்னு ஒரு பொட்டி வாங்கிட்டுப் போனவரு. "தம்பி, பொட்டியத் தொறந்தோம். நைட்டி நல்லாத்தான் இருக்கு. திரி எங்கன இருக்குன்னுதான் தெரியல."

அத்தை என் பக்கத்துல வந்து உக்காந்து மூக்குத்தியத் தொட்டாக. "பாத்தியா? நீ கட்டி வச்சது விருதுநகர் போயிருச்சு. கட்டி வைக்காதது கைக்கு வந்துச்சு."

அம்புட்டுப் பெரிய வாய் எனக்கு. அன்னைக்கு ஆட்டிப் பாத்தாலும் சத்தம் வரல. அத்தை பேக்கிங் அப்பிடி.

ஒன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த பிள்ளைன்னு ஒன்னு வந்தா பையும் வேண்டாம், பொட்டியும் வேண்டாம், மாமாவுக்கு ஒன்னு மேல ஒன்னா ரெண்டு வேட்டி கட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போயிரணும்.