பிரிட்ஜைத் தொட்ட சம்பந்திக்கு

காக்களூர்,
வியாழக்கிழமை.

சோழவரத்தில் சகல சௌபாக்கியங்களோடும் வாழும் சம்பந்தி அன்புராஜ் அவர்களுக்கு, துளசிராமன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் ஈஸ்வரியும் நலம். அங்கு தாங்களும், தங்கச்சி கல்பனாவும், மாப்பிள்ளை விமலும், மாசமாயிருக்கும் என் மகள் ரம்யாவும் நலமாயிருக்கத் திருவாலங்காட்டு ஈசனை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வலது கையில் மரத்துப்போன இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி வந்துவிட்டதா? போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் தாங்கள் என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடுவதில்லை. ஆகவே கடிதம்.

போன மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்த தாங்கள், தண்ணீர் எடுக்க எங்கள் பிரிட்ஜைத் தொட்டதும், அது தங்களைச் சுவரோரம் தள்ளியதும், எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே "இன்னா சம்பந்தி, ஊட்டுக்குள்ள டிரான்ஸ்பார்மர் வெச்சிக்கினு கீறீங்களா?" என்று கேட்டதும், கரண்டைச் சரிசெய்யாமல் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியதும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. தவறு என்னுடையதுதான். வருகிறவர்களிடம் எங்கள் வீட்டு ஒழுங்கை முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். பிரிட்ஜைத் திறக்க ரப்பர் செருப்பு, கிரைண்டர் போட மரப்பலகை, பாத்ரூம் சுவிட்சுக்குத் துண்டு, மழை பெய்தால் மோட்டார் பக்கமே போகக்கூடாது. பேச்சு சுவாரஸ்யத்தில் தங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். ரம்யா அங்கே எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள் என்று தங்கச்சி குறைப்பட்டார்களாம். அது திமிர் இல்லை சம்பந்தி. உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடலாம் என்று அவள் நடக்க ஆரம்பித்தபோதே நான் சொல்லிக்கொடுத்தது.

என்னைப் பாதுகாப்பு தெரியாதவன் என்று தாங்கள் நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கும்மிடிப்பூண்டி பேக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். கம்பெனி பஸ்ஸில் தூங்கும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றாதவன். கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும் என்று வைத்திருந்த சுவிட்சை, அடிக்கடி நின்று தொல்லை கொடுக்கிறது என்று சின்னராசு என்பவன் கம்பி போட்டுக் கட்டிவிட்டான். அதைக் கண்டுபிடித்து எழுதிக்கொடுத்ததற்குப் பாதுகாப்பு வாரத்தில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்த டேபிள் ஃபேன் இன்னும் ஓடுகிறது. லேசாக ஷாக் அடிக்கும், அவ்வளவுதான்.

இருந்தாலும் தங்கள் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து எலக்ட்ரீஷியன் சாம்சனைக் கூப்பிட்டேன். எழுபத்து நாலில் கட்டிய வீடு. மரச்சட்டத்தின் மேல் ஓடும் ஒயரை அவன் தொட்டதும் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கி அவன் சட்டைப்பையில் விழுந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகாமலிருக்க நான் அதில் என்றைக்கோ சுற்றிவைத்த தடித்த செம்புக் கம்பியைப் பார்த்ததும் கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டான். சுவரைக் கொத்திப் புது ஒயர் இழுக்க வேண்டும், வாசலில் குழி தோண்டி எர்த் போட வேண்டும், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்துகிற பெட்டி ஒன்று மாட்ட வேண்டும் என்றான். அங்கேதான் ஈஸ்வரி குறுக்கே வந்தாள். "பொண்ணு புள்ளத்தாச்சியா இருக்க சொல்லோ செவுத்த இடிக்கக் கூடாது, மண்ணத் தோண்டக் கூடாது, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது." பெண் சோழவரத்தில்தானே இருக்கிறாள் என்று சாம்சன் கேட்டான். பிறந்த வீட்டுச் சுவருக்கும் அது பொருந்தும் என்று சொல்லிவிட்டாள். பெண் வருவதற்கு முன் இடிக்க வேண்டும், பெண் பெறுவதற்கு முன் இடிக்கக் கூடாது. நடுவில் நான். கடைசியில் பழைய மரப்பலகையிலேயே அந்தப் பெட்டியை மட்டும் திருகி மாட்டினோம்.

அந்தப் பெட்டியைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பிரிட்ஜைத் தொட்டால் விழுந்தது. கிரைண்டர் போட்டால் விழுந்தது. என் பரிசு ஃபேன் சுற்றுவதற்குள் விழுந்தது. ஒரே நாளில் பதினான்கு தடவை விழுந்து மாவு பாதியில் நின்றது. சாம்சனைக் கேட்டால், "அண்ணே, பொட்டி மேல தப்பு இல்ல. அது சொல்றதத்தான் நீங்க கேக்க மாட்றீங்கோ" என்று என்னிடமே பாடம் நடத்தினான். அவன் போனபிறகு நானே இரண்டு துண்டு ஒயரைப் பெட்டியைச் சுற்றிக் கொடுத்து முறுக்கிவிட்டேன். இப்போது அது விழுந்தாலும் வீட்டில் கரண்ட் நிற்பதில்லை. நான்கு நாளாக ஒரு தொல்லையும் கிடையாது. இன்று காலை கிரைண்டர் பலகையைத் தூக்கிப் போட்டாயிற்று, ரப்பர் செருப்பும் வாசலுக்குப் போய்விட்டது.

ஆகவே இந்த வீட்டைத் தாங்கள் முழுமையாக நம்பலாம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்த கையோடு ரம்யாவை அழைத்துவரக் காரோடு வருகிறோம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். தங்கச்சிக்கு ஈஸ்வரியின் விசாரிப்பு. பெரியவர்கள் எல்லாருக்கும் நமஸ்காரம்.

தங்கள் அன்புள்ள,
கா. துளசிராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஈஸ்வரி வெறுங்காலோடு பிரிட்ஜைத் திறக்கப் போனாள். கை ஒட்டிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை சம்பந்தி, டம்ளர் உருண்டதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓடிப்போய் மெயினை இறக்கினேன். பெட்டி எப்போதோ விழுந்துதான் கிடந்தது. அது சொன்னதை நான்தான் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். டாக்டரிடம் காட்டிவிட்டேன், ஆபத்து இல்லை என்றார். ஈஸ்வரி என்னிடம் இரண்டே வார்த்தைதான் பேசினாள்: "ரம்யா தொட்டிருந்தா?" அதன்பிறகு அவளே சாம்சனுக்குப் போன் போட்டாள். நாளை காலை சுவரை இடிக்க வருகிறான். மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரம்யாவை இங்கே அனுப்பாதீர்கள். பிரசவம் அங்கேயே நடக்கட்டும், நாங்கள் இருவரும் வந்து பார்த்துக்கொள்கிறோம். சம்பிரதாயம் போனால் போகட்டும். பிறக்கிற குழந்தையாவது எங்கள் வீட்டில் எதையும் உள்ளங்கையால் தொடட்டும்.