மேசைக்கடியில் ஒரு பிரதிவாதி

கடைவீதித் தையற்காரர் தங்கமான மனுஷர். தைத்துக் கொடுக்கிற பழக்கம் ஒன்றுதான் அவரிடம் கிடையாது. "பட்டன் மட்டும்தான் பாக்கி, செவ்வாய்க்கிழமை வாங்க" என்பார். செவ்வாய்க்கிழமை வாசலில் நிழல் தட்டினால் போதும், மேசைக்கடியில் புகுந்துவிடுவார். மனைவி கூசாமல், "அவர் வெளியூர் போயிருக்காரே" என்பாள்.

கோர்ட் சேவகர் சம்மனோடு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் தையற்காரர் வெளியூரில் இருந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் போட்ட வழக்கு. கடைசியில் சேவகர் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

"துணி கேட்டு நோட்டீஸே ஒட்டிட்டாங்கடி!" என்று தையற்காரர் அதைப் படிக்காமலே உரித்து, காலர் அளவுக்கு வெட்டிக்கொண்டார். நல்ல கெட்டிக் காகிதம்.

சேவகர் மறுபடி வந்தார்.

"அவர் வெளியூர்..."

"பரவாயில்லம்மா. தீர்ப்பாயிடுச்சு. கடையைப் பூட்ட அவர் இருக்கணும்னு இல்ல. அடுத்த மாசம் முதல் புதன்கிழமை வர்றோம்."

மேசையில் தலை இடிபட்டது.

"எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு," என்றார் தையற்காரர் ஓடிப்போய்ப் பார்த்த வக்கீல். "நீங்க போகல. போனவர் சொன்னதே சரின்னு ஆயிடுச்சு."

"ஐயோ, கடை போச்சுன்னா என் பொழப்பே போச்சே!"

"உடனே மனு போட்டா ரத்து பண்ண வைக்கலாம். வராததுக்குத் தக்க காரணம் வேணும். எங்க இருந்தீங்க?"

"மேசைக்கடியில."

வக்கீல் கண் சிமிட்டாமல் எழுதினார்: 'மனுதாரர் மேற்படி தேதிகளில் மேற்படி மேசையின் அடியில் வெளியூர் சென்றிருந்தபடியால்...'

நீதிபதி மனுவை இரண்டு முறை படித்தார். "இதுக்குச் சாட்சி?"

நீதிபதி தம் அங்கியின் கிழிசலைத் தடவிக்கொண்டார். "வேண்டாம், எனக்கே தெரியும். என் புது அங்கி எட்டு மாசமா அந்த மேசை மேலதான் இருக்கு. நாலு செவ்வாய்க்கிழமை போனேன். வெளியூர்னாங்க. தீர்ப்பு ரத்து! வழக்கை மறுபடி விசாரிக்கலாம்."

தையற்காரர் குதித்துக்கொண்டு நகல் பிரிவுக்கு ஓடினார்.

"உத்தரவு ரெடி," என்றார் குமாஸ்தா. "முத்திரை மட்டும்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை வாங்க."

"உத்தரவைக் காட்டலேன்னா புதன்கிழமை பூட்டிடுவாங்க ஐயா!"

"அதான் செவ்வாய்க்கிழமைன்னு சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை குமாஸ்தாவின் நாற்காலி காலி. "அவர் வெளியூர் போயிருக்காரே," என்றாள் பக்கத்து மேசை அம்மாள்.

தையற்காரருக்குத் தொழில் தெரியாதா? குனிந்து பார்த்தார். மேசைக்கடியில் இரண்டு கால்கள். அவற்றில் அடிமடிப்பு தைக்காத பேன்ட். அது அவர் பாதி தைத்து, குமாஸ்தா பொறுக்காமல் வாங்கிப் போனதுதான்.

ஊசி நூலோடு அவரும் உள்ளே புகுந்தார். "ஐயா, நீங்க முத்திரையைக் குத்துங்க. நான் மடிப்பை அடிச்சிடறேன்."

வரிசையில் அடுத்து நின்றவர் கவுன்டரைத் தட்டினார்.

அம்மாள் நிமிரவே இல்லை. "ரெண்டு பேருமே வெளியூர்," என்றாள்.