தசரதன் திருத்திய சீட்டு

"இந்தா பாருய்யா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அந்தப் பேனாவ வூட்ல வெச்சிட்டு வா," என்றாள் அமுதவல்லி.

தசரதன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கையால் மூடிக்கொண்டான்.

"பேனா இன்னா பண்ணுது உன்னை? அது பாட்டுக்குக் கீது."

"போன வாரமும் அது பாட்டுக்குத்தான் இருந்துச்சு. கண்ணீர் அஞ்சலி பேனர்ல ஏணி போட்டு ஏறிப் புள்ளி வெச்சிட்டு வந்த. செத்தவன் பொண்டாட்டி அழுவறத வுட்டுட்டு உன்னைத் தொரத்துனா."

தப்பான எழுத்தைப் பார்த்தால் தசரதனுக்கு உள்ளங்கை அரிக்கும். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஏரியில் இறங்கியவன். இருபது வருடம் வலை இழுத்துக் கை மரத்துப் போனது. அரிப்பு மட்டும் மரக்கவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் புயல் எச்சரிக்கை வந்தால்கூட முதலில் எழுத்தைத் திருத்தி அனுப்பிவிட்டுத்தான் படகைக் கட்ட ஓடுவான்.

அன்றைக்குப் பாடு குலுக்கல். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்க்கிற நாள். அந்தக் குப்பத்தில் பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு இடம். முதல் சீட்டுக்கு முகத்துவாரம்; கடலும் ஏரியும் கலக்கிற இடம், இறால் அள்ள அள்ள வரும். கடைசிச் சீட்டுக்குச் சேற்று மூலை. அங்கே வலையில் ஏறுவது பாசியும் பிய்ந்த செருப்பும்தான். போன முறை தசரதனுக்குச் சேற்று மூலை. அதிலிருந்து அமுதவல்லி அடுத்தவர் இறாலை உரித்துத்தான் அடுப்பு மூட்டுகிறாள். அவள் விரல் நுனிகள் வெந்து தோலுரிந்து கிடந்தன.

"தலைவரு பேரக் கூப்டா போ. சீட்ட வாங்கு. மடியில சொருவு. திரும்பி வா. வாயத் தொறக்காத, சீட்டப் பிரிக்காத."

"வழக்கம் எனக்குத் தெரியாதா?"

வாங்கின சீட்டைப் பிரிக்காமல் வலையில் முடிந்து தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

அம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து, குலுக்குகிற பானைக்குப் பக்கத்தில் விமல் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தான். சங்கத்துக்கு எழுத்து வேலை பார்ப்பவன் அவன். எழுத்துக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சீட்டுகளைப் பார்க்கக் கூடாதென்று தசரதன் வானத்தைப் பார்த்தான். வானத்தில் படிக்க ஒன்றும் இல்லை. கீழே பார்த்துவிட்டான்.

பேனா மூடி திறந்த சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

"டேய் விமலு, பன்னெண்டு சீட்டுல பத்து தப்புடா!"

"எழுத்துல இன்னா கீதுண்ணா? பேரு புரிஞ்சா போதாதா?"

அதற்குள் பத்துச் சீட்டும் சிவந்துவிட்டன. தசரதன் திடுக்கிட்டான்.

"அய்யய்யோ, பத்துல சிவப்பு கீது, ரெண்டுல இல்ல. பானைக்குள்ள பாத்தாலே தெரிஞ்சிடுமே. செல்லாது!"

"அந்த ரெண்டுலயும் ஒரு கோடு இழுத்துடு," என்றான் பக்கத்து வீட்டுத் தனக்கோடி.

"சரியா கீறத எப்டிண்ணா அடிக்கிறது? மனுசன்னா ஒரு நாயம் வாணாம்?"

சரியாக இருந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தான். இரண்டிலும் நீலமேகம்.

"நீலமேகம் ரெண்டு தபா கீறாரு! அப்ப யாரக் காணோம்?" எண்ணிப் பார்த்தான். "தனக்கோடி அண்ணே, உன் பேரே இல்ல!"

"பரவால்ல வுடு. வந்துடும்."

"எழுதாத பேரு எப்டிண்ணா வரும்?"

"வரும்டா. நீ கம்முனு இரு."

தலைவர் குப்பன் பீடியை மணலில் தேய்த்து அணைத்தார். "தசரதா, தண்ணி எறங்குது. கீறத அப்டியே பானையில போடு."

"தப்போட போட்டா அம்மனே ஏத்துக்காது தலைவரே."

விமலின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பன்னிரண்டு பெயரையும் தசரதனே எழுதினான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பானையில் போட்டான். அதுவரை பன்னிரண்டு குடும்பமும் வெயிலில் நின்று அவனைத் திட்டியது. தலைவர் மனைவி இருசம்மாள் பானையை வாங்கிக் குலுக்கினாள்.

தலைவர் முதல் சீட்டை எடுத்தார். பிரித்தார். கையை நீட்டிப் பிடித்து, மேகம் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"முகத்துவாரம்... தசரதன்!"

அமுதவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் முகத்திலும் பொறாமை இல்லை. "போடா, போய் வாங்கு," என்று தனக்கோடி முதுகில் தட்டினான்.

தலைவர் மடித்துக் கொடுத்த சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு தசரதன் திரும்பினான். இத்தனை வருடத்தில் அவன் வழக்கத்தை மீறியதில்லை. ஆனால் இத்தனை வருடமும் சீட்டை எழுதியது அவனில்லை. ஊரே திட்டத் திட்ட எழுதியது. தன் பெயரில் தானே தப்பு விட்டிருந்தால்?

உள்ளங்கை அரித்தது.

"பிரிக்காதய்யா!" அமுதவல்லி அலறினாள்.

பிரித்துவிட்டான். எழுத்து ஒவ்வொன்றும் முத்து மாதிரி இருந்தது. பெயர்தான் தனக்கோடி.

மறுபடி மடித்து மடியில் வைத்தான். எதிரே, தோலுரிந்த விரல்களை ஆட்டி அமுதவல்லி கூப்பிட்டாள். இரண்டு எட்டு வைத்தான். சீட்டு மடிக்குள் நண்டு மாதிரி பிறாண்டியது.

"தலைவரே, தப்பாப் படிச்சிட்டீங்க. இதுல தனக்கோடின்னு கீது."



"எனக்கு வாணாண்டா அது! மடிச்சு உள்ள வெய்யிடா பாவி!" என்றான் தனக்கோடி.

"எப்டிண்ணா? எழுதிக்கீதே!"

தலைவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கண்ணாடி எடுத்தாரல," என்றார்.

"அதுக்கென்ன தலைவரே, மிச்சத்த நான் படிக்கிறேன்."

யாரும் தடுப்பதற்குள் பானையை வாங்கிக்கொண்டான். தசரதன் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, பிசிறில்லாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தான். பதினொன்று முடிந்தும் அவன் பெயர் வரவில்லை. பன்னிரண்டாவதைப் படிக்கத் தேவையே இல்லை. இருந்தும் படித்தான்.

"சேற்று மூலை. தசரதன்."

எழுத்து சுத்தமாக இருந்தது. அமுதவல்லி இறால் உரிக்கிற குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். கூட்டம் கலைந்தது. காலிப் பானையை எடுக்க வந்த இருசம்மாளிடம் தசரதன் குறைப்பட்டுக்கொண்டான்.

"பெரிம்மா, அடுத்த தபாவாச்சும் தலைவர கண்ணாடி போட்டுனு வரச் சொல்லு. பாரு, அவரு கண்ணு தெரியாம ஊருக்கு முன்னால எவ்ளோ பெரிய தப்பு நடக்க இருந்துச்சு!"

இருசம்மாள் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"அவரு கண்ணு நல்லாத்தாண்டா கீது, படிக்கத்தான் தெரியாது, இருவது வருசமா எவன் வூட்ல ஒலை கொதிக்கலயோ அவன் பேரத்தான் மொதல்ல கூப்டுனு வராரு, உன் பொண்டாட்டி உட்பட ஊருக்கே தெரியும், நீ திருத்திடுவேன்னுதான் உனுக்கு மட்டும் யாரும் சொல்லல."