கழலாத பூட்ஸ்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜம்புலிங்கத்தின் பூட்ஸ் கழல மறுத்தது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி பூரணி தரையில் உட்கார்ந்து அவன் வலது காலை இரண்டு கையாலும் இழுத்தாள். கால் வந்தது, காலோடு ஜம்புலிங்கம் வந்தான், சுவரில் அவன் கைக்குச் சிக்கிய காலண்டரும் ஆணியோடு வந்தது. பூட்ஸ் மட்டும் வரவில்லை.

"இன்னாங்க இது, காலோட சேத்துத் தெச்சுட்டாரா அந்த ஜேக்கப்பு?"

"அவரு நல்லாத்தான் தெச்சாரு. நான்தான் நேத்து ஊற வெச்சேன்."

"பூட்ஸ யாராச்சும் ஊற வெப்பாங்களா? அது இன்னா இட்லிக்கு அரிசியா?"

ஆம்பூரில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்க்கிறவன் அப்படித்தான் செய்வான். புது பூட்ஸ் விறைப்பாக இருந்தது. விறைத்த தோலைக் கண்டால் ஜம்புலிங்கத்தின் கை தானாகத் தண்ணீர்த் தொட்டியைத் தேடும். ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் தோல் பணிந்துவிடும். இழுத்துக் கட்டச் சட்டம் இல்லாததால் தன் காலையே உள்ளே விட்டுக்கொண்டு, காலையிலிருந்து வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வெயிலில் படுத்துவிட்டான். தோல் நன்றாகக் காய்ந்தது. காய்கிற தோல் சுருங்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தன் கால் உள்ளே இருக்கும்போதும் சுருங்கும் என்றுதான் அந்த மனிதனுக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு வீராப்பு. தோல்ஷாப் கால்பந்து அணிக்கு ஜம்புலிங்கம்தான் காப்டன். முதல் தேர்தல் நடந்த வருஷம் ஆரம்பித்த அணி. அன்றிலிருந்து ஒரு ஆட்டம் ஜெயித்ததில்லை, ஒரு கோல் போட்டதில்லை. எல்லாரும் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். பூட்ஸ் போட்ட ஆஸ்பத்திரி அணியோடு ஆடினால் மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் கால் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அணியின் காப்டன் சாந்தகுமார், கம்பவுண்டர். போன தடவை கட்டுப் போடும்போது அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"தோல் ஊருல பொறந்துட்டு வெறுங்காலோட ஆடுறீங்களே ஜம்பு. பாவமா இருக்குப்பா."

பாவம் என்ற வார்த்தை ஜம்புலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. "அடுத்த ஆட்டத்துல பூட்ஸ் போட்டு ஆடலன்னா எம்பேரு ஜம்புலிங்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வந்துவிட்டான்.

அது போதாதென்று மேனேஜர் ஜியாவுல்லா சாயபு அணியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். தோல்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில்தான் அவர்கள் ஆடுவது.

"காயப்போட எடம் கம்மியா இருக்கு. அவ்வளோ பெரிய மைதானத்துல நீங்க தோக்குறது ஒண்ணுதான் நடக்குது. ஞாயித்துக்கெழம ஜெயிச்சா நீங்க ஆடுங்க. தோத்தா திங்கக்கெழம அந்தக் கோல்போஸ்ட்டுல தோல் காயும்."

அன்று மாலை ஜம்புலிங்கம் தரம் பிரிக்கும் அறையில், கழித்த தோல் போடும் மூலையிலிருந்து மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் போய்ச் செருப்புத் தைக்கும் ஜேக்கப்பிடம் கொடுத்தான். கழித்த தோலை யார் எடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று அதையும் வலது பூட்ஸின் பின்பக்கம் கட்டிக்கொண்டான்.

அந்த பூட்ஸைத்தான் இப்போது பூரணி இழுத்துக்கொண்டிருக்க, கோல்கீப்பர் வாஹித் பாஷா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றான்.

"தோஸ்த், பெரிய பேஜாரா போச்சு. பெரியமேட்டுலருந்து தோல் வாங்குற தரகரு வந்திருக்காரு. அவருக்குக் காட்ட வெச்சிருந்த சாம்பிள் தோலக் காணோமாம். மேனேஜர் ஷாப்பையே பொரட்டிப் போட்டுட்டாரு."

"எங்க வெச்சிருந்தாராம்?"

"யாரும் தொடாத எடம்னு கழிச்ச தோலு மூலையில வெச்சாராம். அடையாளத்துக்குச் செவப்பு நூல் கூடக் கட்டியிருந்துச்சாம்."

மூன்று பேரும் ஜம்புலிங்கத்தின் வலது காலைப் பார்த்தார்கள். பூரணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வாஹித் பாஷா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"கத்தி எடு, கிழிச்சு எடுத்துடலாம்" என்றான் வாஹித் பாஷா.

"கிழிச்சா சாம்பிளும் போச்சு, நம்ம ஆட்டமும் போச்சு. கம்பவுண்டர் முன்னாடி வெறுங்காலோட போய் நிக்கச் சொல்றியா பாய்? நான் மாட்டேன்."

"அப்போ கழட்டு."

சுடுதண்ணீர் ஊற்றினால் இளகும் என்றாள் பூரணி. ஊற்றினார்கள். தோல் இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஜம்புலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். விளக்கெண்ணெய் விட்டால் வழுக்கும் என்றான் வாஹித் பாஷா. விட்டார்கள். இழுத்த கைதான் வழுக்கியது, வாஹித் பாஷா தண்ணீர்க் குடத்தின்மேல் போய் விழுந்தான். வெயிலும் எண்ணெயும் பட்டு பூட்ஸ் பொன்னாக மின்ன ஆரம்பித்தது. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் முதல் தரம் என்று குருடனுக்கும் தெரியும்.

"சிம்னிக் கரியப் பூசிடுறேன், கறுப்பா தெரியும்" என்றாள் பூரணி. சிவப்பு நூலை அறுத்து அடுப்பில் போட்டுவிட்டு, கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினாள். பூட்ஸ் கறுத்தது. ஆனால் முன்னைவிட இரண்டு பங்கு பளபளத்தது. கலெக்டர் ஆபீஸ் டவாலிச் சேவகன் கூட அப்படி ஒரு பூட்ஸ் போட்டிருக்கமாட்டான்.

"போதும்" என்றான் ஜம்புலிங்கம், எழுந்து நின்று. "வேல போனாப் போவட்டும். மைதானத்த விடமாட்டேன். இந்தக் காலோடதான் ஆடப்போறேன், ஜெயிக்கப்போறேன்."

"நிக்காதீங்க" என்றாள் பூரணி. "நின்னாத்தான் கால பாப்பாங்க. ஓடிக்கினே இருங்க."

சாயங்காலம் ஆட்டத்துக்கு மைதானத்துக்குப் போனால், எல்லைக்கோட்டை ஒட்டி இரண்டு நாற்காலி. ஒன்றில் மேனேஜர், இன்னொன்றில் பெரியமேட்டுத் தரகர். சாம்பிளைத் தேடி அலுத்துப்போன மேனேஜர், விருந்தாளியை வேறு எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் ஆட்டம் பார்க்க அழைத்து வந்திருந்தார்.

"பரவால்லையே ஜம்பு, சொன்ன மாதிரி பூட்ஸோட வந்துட்டியே" என்றார் சாந்தகுமார்.

"பாவப்பட்ட ஜனம் சார், இருந்தாலும் வந்துட்டோம்" என்றான் ஜம்புலிங்கம்.

விசில் ஊதியது. இதற்கு முன் ஜம்புலிங்கம் ஆடிய ஆட்டமெல்லாம் எதிராளி கோலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிற ஆட்டம். பந்து வந்தால் உதைப்பான், வராவிட்டால் அவன் என்ன செய்வான். அன்று மனிதன் நிற்கவே இல்லை. நின்றால் மேனேஜர் கண் காலுக்குப் போகிறது. வலது பக்கம் ஓடினான், இடது பக்கம் ஓடினான், பந்து எங்கேயோ இருக்க இவன் எங்கேயோ ஓடினான். அவனைத் துரத்தி ஆஸ்பத்திரி அணியில் இரண்டு பேர் களைத்துப்போனார்கள். தண்ணீர் குடிக்கும் இடைவேளையில்கூட அவன் ஓடிக்கொண்டே குடித்ததை ஊரே பார்த்தது.

"இவனுக்கு இன்னாப்பா ஆச்சு?" என்று மேனேஜர் கேட்டது அவன் காதில் விழுந்தது. இன்னும் வேகமாக ஓடினான்.

எதிராளிகள் அவன் காலை மிதித்தார்கள். எப்போதும் நொண்டுகிறவன் இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிதித்தவர்கள்தான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆனால் புல்லில் உரசி உரசிக் கரி போய்விட்டது. இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் பூட்ஸ் பழையபடி பொன்னாக மின்னியது.

தரகர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜம்புலிங்கத்தின் காலைக் கையால் காட்டி மேனேஜரிடம் என்னவோ சொன்னார். மேனேஜரும் எழுந்தார். இரண்டு பேரும் கோட்டோரமாக அவனை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

ஜம்புலிங்கம் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடினான். அந்த நேரம் பார்த்துப் பந்து அவன் காலடிக்கு உருண்டு வந்தது. எல்லார் கண்ணும் எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டான். கண் திறந்தபோது ஆஸ்பத்திரி கோல்கீப்பர் தரையில் கிடந்தார், பந்து அவருக்குப் பின்னால் கிடந்தது. வாஹித் பாஷா தன் கோலை விட்டுவிட்டு மைதானம் முழுக்க ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். விசில் ஊதியது. தோல்ஷாப் அணி முதல் தடவையாக ஜெயித்துவிட்டது.

மேனேஜரும் தரகரும் எதிரில் வந்து நின்றார்கள். ஜம்புலிங்கம் மறைக்கவில்லை. ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான்.

"நான்தான் சார் எடுத்தேன். கழிச்ச தோலுன்னு நெனச்சு எடுத்தேன், திருடல. வேலய எடுத்துக்கணும்னா எடுத்துக்கோங்க. ஜெயிச்சுட்டோம். மைதானத்துல மட்டும் கை வெக்கக் கூடாது."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் தரகர் கீழே குனிந்துவிட்டார். தோலை அழுத்திப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார்.

"கழட்டுப்பா, பாக்கலாம்."

"கழல மாட்டேங்குது சார்."

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜர் காதில் என்னவோ சொன்னார். முறைத்துக்கொண்டிருந்த மேனேஜர் முகம் மலர்ந்து, ஜம்புலிங்கத்தின் முதுகில் ஓங்கித் தட்டி, "பெரிய காரியம் பண்ணேடா" என்று சொல்லிவிட்டுத் தரகரோடு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

வேலையும் தப்பியது, மைதானமும் தப்பியது. ஜம்புலிங்கம் கோல்போஸ்ட்டில் சாய்ந்து உட்கார்ந்து, தன் சொத்தைப் பார்ப்பதுபோல் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பூரணி பக்கத்தில் நின்று முந்தானையால் அவனுக்கு விசிறினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன் சார்" என்று சாந்தகுமாரிடம் சொன்னான். "கட்டுப் போட இல்ல, இதக் கழட்ட."

வாட்ச்மேன் சத்தார் தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருளோடு வந்து அவன் எதிரில் நின்றார்.

"ஒன் பூட்ஸு அத்தன ஒத வாங்கியும் கிழியலன்னு தரகரு மூணு பங்கு ஆர்டர் குடுத்துட்டாராம்பா, அவ்வளோ தோலக் காயப்போட ஷாப்புல எடம் ஏது, கொஞ்சம் நவுந்து ஒக்காரு, அந்தக் கோல்போஸ்ட்டுல கயிறு கட்டணும்."