பதினொரு மாதப் பெடல்

வெண்டெல் தன் கையாலேயே ஒரு ஃபஸ் பெடல் செய்வதென்று சபதம் எடுத்துப் பதினொரு மாதமாகிறது. காலால் மிதித்தால் கிட்டாரின் குரலைக் கரகரவென்று கெடுத்துத் தரும் சின்னப் பெட்டி. கடையில் கிடைக்கும். கடையில் வாங்குகிறவன் ஒரு மனிதனா?

எந்த சர்க்யூட் என்பதில்தான் சிக்கல். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரா, சிலிக்கானா? இணையத்தில் நாற்பது பேர் நாற்பது விதமாக அடித்துக்கொண்டார்கள். நாற்பது பேருக்கும் "சரியாகச் சொன்னீர்கள்" என்று பதில் போட்டான் வெண்டெல். கடைசியில் மூன்று சர்க்யூட்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தான். துளைப் பலகையில் கம்பிகளைச் செருகி ஒலிக்கவைத்ததோடு சரி; எதையும் ஈயத்தால் பற்றவைக்கவில்லை. பற்றவைத்தால் முடிவெடுத்ததாகிவிடுமே!

மனைவி அர்லீனுக்கு டுலூத் ஊரெல்லாம் வீட்டு ஹீட்டர் பழுது பார்க்கும் வேலை. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முதல் நாள் மேசையருகே வந்து நின்றாள்.

"நாளைக்குப் பன்னெண்டு பேர் சாப்பிட வர்றாங்க. வான்கோழிய உன் தலை மேலயா வைக்கிறது?"

"முடிவெடுக்கிற நேரம்மா. அவசரப்படுத்தாதே."

"உன் பையனையே பத்து மாசத்துல பெத்துட்டேன். உனக்குப் பதினொண்ணு பத்தலையா? எல்லாத்தையும் கராஜ்ல கொட்டப்போறேன்."

"ஐயோ! அந்தக் குளிர்ல ஜெர்மேனியம் ஊமையாயிடும்!"

"நீயும் கூடவே போய்ப் படு. ரெண்டும் ஊமையாகட்டும்."

வெண்டெலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கண்ணைக் கட்டு. மூணையும் மாத்தி மாத்திப் போடு. எது எதுன்னு காதாலயே சொல்றேன். சொல்லிட்டா கிறிஸ்துமஸ் வரைக்கும் மேசை எனக்கு."

"தப்பாச் சொன்னா?"

"மேசை உனக்கு. நாளைக்குப் பாத்திரமும் நானே கழுவறேன்."

சமையலறைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். வெண்டெல் மீட்டினான்.

"ஆகா! ஜெர்மேனியம். பாலாடை மாதிரி."

ஏதோ சொடுக்கும் சத்தம்.

"சிலிக்கான். குளவி கொட்டுற மாதிரி இருக்கு. தூக்கிப் போடு."

மறுபடி சொடுக்கு.

"இதான்! இதான் அர்லீன்!" மூன்றாவதன் ஆழம், அகலம், ஆன்மா பற்றிக் கால் மணி நேரம் பேசினான். பேசி முடித்தபின் துண்டை அவிழ்த்தாள்.

மேசை பளபளவென்று துடைத்திருந்தது. மேலே வெள்ளை விரிப்பு. ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா, கிட்டாரின் வயர் செருகியபடி.

"மூணு தடவையும் இதேதான். நேத்து உன் மிச்ச சாமானை வச்சு அரை மணியில பத்தவச்சேன். நீ ஆன்மாவப் பத்திப் பேசினப்போ மத்ததெல்லாம் கராஜுக்குப் போயிடுச்சு."

வெண்டெலுக்கு அவமானம்கூடப் பெரிதில்லை. அந்த டப்பாவின் குரல் நிஜமாகவே நன்றாக இருந்ததுதான் அவன் வயிற்றெரிச்சல்.

மறுநாள் எல்லாத் தட்டையும் கழுவிவிட்டு, முழங்கை வரை எண்ணெய்ப் பிசுக்கோடு மெல்லக் கேட்டான். "அர்லீன், அது எந்த சர்க்யூட்டு?"

"யாருக்குத் தெரியும்? உன் குப்பைக் கூடையில மேலாக் கிடந்த சர்க்யூட் படம்."